ஈக்வலைசர் புல்லியைப் பார்த்தியா?

முதல் நாள் என் கையில் கொடுத்த கருவி ஒரு துண்டு பனியன் வேஸ்ட். வெர்னியர் இல்லை, டார்ச் இல்லை, செக்லிஸ்ட்கூட இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் மூலையில் எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த கிரேன் ரோப் ஒன்று சுருண்டு கிடந்தது. "இதை ரோப் மேல சுத்திப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இழுத்துட்டே போம்மா. எங்க மாட்டுதோ அங்க நில்லு" என்றார் சார். மூன்று மீட்டர் போயிருப்பேன், துணி மாட்டியது. குனிந்து பார்த்தால் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதுவரை என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை, துணிக்குத் தெரிந்தது. வெறுங்கையால் தடவியிருந்தால் விரலுக்குத் தெரிந்திருக்கும், ரத்தத்தோடு.

மூன்று ஆண்டு மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு வந்தவள் நான். ரோப் எவ்வளவு இழுவை தாங்கும் என்று கணக்குப் போடத் தெரியும். ரோப்பைத் தொட்டது அன்றுதான். அப்பாவுக்கு அரக்கோணத்தில் சைக்கிள் கடை என்பதால் கிரீஸும் கறுத்த நகமும் மட்டும் எனக்குப் புதிதில்லை.

2015 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம் சென்னையில் ஒரு தனியார் சோதனை நிறுவனத்தில் அப்ரண்டிஸாக இருந்தேன். தொழிற்சாலைகளில் இருக்கும் கிரேன், ஹாய்ஸ்ட், செயின் பிளாக், சரக்கைக் கட்டித் தூக்கும் ஸ்லிங், அதைக் கோத்து மாட்டும் வளையமான ஷேக்கில், அழுத்திய காற்றை வைக்கும் தொட்டியான ஏர் ரிசீவர் ஆகியவற்றைச் சோதித்து, பயன்படுத்தலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். இந்த வேலைக்கு எப்படி வருவது என்று பாலிடெக்னிக் பிள்ளைகள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இன்ஸ்பெக்டர் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் அரசு அதிகாரி. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் இருப்பவர், சட்டம் மீறப்பட்டால் வழக்குப் போடும் அதிகாரம் உள்ளவர். அடுத்தவர் காம்பிடன்ட் பர்சன் என்று சட்டம் சொல்லும் ஆள். அந்த இயக்ககம் அங்கீகரித்தவர், சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர். மூன்றாவது, அவருக்குக் கீழே வேஸ்ட்டும் வெர்னியருமாகக் கிரேன் மேல் ஏறும் கூட்டம். நான் மூன்றாவது. பாய்லர் எங்கள் கணக்கிலேயே வராது. அதற்கு 1923-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, தனி அதிகாரிகளும் உண்டு. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இதையெல்லாம் விளக்க முடியாது. "கிரேன் செக் பண்ற வேலை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.

நான் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு வேதம் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதில் 28-ஆம் பிரிவு கூண்டோ மேடையோ ஏறி இறங்கும் ஹாய்ஸ்ட்டையும் லிஃப்ட்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுமையாகச் சோதிக்கச் சொல்லும். 29-ஆம் பிரிவு கிரேன், செயின், ரோப் போன்றவற்றுக்குப் பன்னிரண்டு மாதம் கொடுக்கும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே பிரிவு எண்களை என்னைப் போல உருப்போட்டு வைக்காதீர்கள். ஆனால் அந்தப் பழைய வாசகத்தில் இருந்த 'முழுமையாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நான் இங்கே சொல்லப் போவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

சேர்ந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கான மத்திய அரசின் அப்ரண்டிஸ் தளமான நாட்ஸில் (NATS) பதிவு செய்தேன். நம் பக்கத்துக்குத் தரமணியில் உள்ள அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம்தான் பொறுப்பு. நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டதும் ஒப்பந்தம் பதிவானது. அப்போது டிப்ளமோ அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 3,542 ரூபாய். அதில் பாதியை நிறுவனத்துக்கு அரசு திருப்பிக் கொடுத்துவந்தது. 2019-இல் இதை 8,000 ரூபாயாக உயர்த்தினார்கள். என் 3,542-இல் சீசன் டிக்கெட், மதியச் சாப்பாடு போக மீதியை அம்மாவிடம் கொடுத்தால், அவர் அதை அப்படியே என் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். செலவழிக்கும் அளவுக்கு அது பணமாக அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

சேர்பவர்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தம் உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். "அப்புறம் பண்ணிக்கலாம்" என்று இழுத்தடித்து, பத்து மாதம் வேலை வாங்கிவிட்டுப் பதிவே செய்யாத இடங்களில் சிக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. பதிவான அப்ரண்டிஸ் என்றால் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தும், அடிபட்டால் நஷ்ட ஈட்டுக்கு நிறுவனம் பொறுப்பு. பதிவில்லாவிட்டால் இதையெல்லாம் நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. இதையும் தெரிந்துகொண்டே சேருங்கள்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் முப்பது ஆண்டு கிரேன்களோடு இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து போன வருடச் சான்றிதழைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. நேராக ஷாப்புக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். கிரேன் ஓடும் சத்தத்தைக் கேட்பார், ஆபரேட்டரோடு பேசுவார். "கடைசியா எப்ப பயந்தீங்க?" என்று ஒரு ஆபரேட்டரிடம் அவர் கேட்டதைப் பார்த்தேன். பிரேக் நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வந்திருக்கும். இப்படிக் கேட்டதும் அந்த அண்ணன் தயங்கித் தயங்கி, மழை நாளில் கொக்கி அரை அடி சறுக்கியதைச் சொன்னார்.

மூன்றாவது மாதம். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில், பத்து டன் ஈஓடி கிரேன், அதாவது தலைக்கு மேலே தண்டவாளத்தில் மின்சாரத்தில் ஓடுவது. ரோப்பை வேஸ்ட் வைத்து இழுத்தாகிவிட்டது, ரோப் சுற்றும் டிரம்மைப் பார்த்தாகிவிட்டது, கொக்கியை அளந்தாகிவிட்டது. செக்லிஸ்டில் வரிசையாக டிக் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டு படிக்காமலே கேட்டார்:

"ஈக்வலைசர் புல்லியைப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

கீழே இருந்து டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்திருந்தேன். அது பார்த்ததில் சேர்த்தியா என்று எனக்கே சந்தேகம். சார் ஒன்றும் சொல்லவில்லை. கொக்கியைத் தரையில் இறக்கி ரோப்பைத் தளர்த்தச் சொன்னார். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டுப் போட்டார். "வா, மேல போய் ரெண்டு பேரும் பார்ப்போம்."

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கிரேன்களில் ரோப்பின் இரண்டு முனையும் டிரம்மில் மாட்டியிருக்கும். நடுப்பகுதி மேலே ஒரு சின்னப் புல்லியின் மேல் கிடக்கும். இரண்டு பக்கமும் இழுவை சமமாக இருக்கத்தான் அந்தப் புல்லி. அதனால் அது மற்ற புல்லிகள் போலச் சுற்றாது, லேசாக அசைந்து கொடுக்கும், அவ்வளவுதான். சுற்றாத புல்லியில் ரோப் தேயாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு தூக்கிலும் ரோப்பின் அதே அரை அடிதான் அங்கே நசுங்குகிறது. ஈரமும் தூசியும் பள்ளத்தில் தங்குகின்றன. கிரீஸ் பூசுகிறவர் கை எட்டும் தூரத்தோடு நிறுத்திக்கொள்வார். பழுது தெரிய வேண்டிய பக்கமோ புல்லியைத் தொட்டுக்கொண்டு கீழ்நோக்கி இருக்கும்.

மேலே போய்த் தளர்ந்த ரோப்பைப் பள்ளத்திலிருந்து தூக்கித் திருப்பினோம். துடைக்கத் துடைக்க அறுந்த கம்பிகள் துருத்திக்கொண்டு வந்தன. ஒரு சாண் நீளத்தில் பதினேழு எண்ணினேன். நாங்கள் கையில் வைத்திருந்த அட்டவணையின் வரம்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. காலையிலிருந்து அந்த ரோப்புக்குக் கீழே ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், நான் உட்பட.

அன்று ரயிலில் வரும்போது அப்பாவின் கடை நினைவுக்கு வந்தது. சைக்கிள் பிரேக் ஒயர் வெளியே பளபளவென்று இருக்கும், அறுவது லிவருக்குள் அந்தக் குண்டுமணி மாதிரித் தலையை ஒட்டிய இடத்தில். ஒயர் மாற்ற வருபவரின் லிவரை அப்பா முதலில் அழுத்தி உள்ளே பார்ப்பார். பத்து வயதிலேயே அதைப் பார்த்தவள், கிரேனில் அதே பாடத்தைக் கோட்டை விட்டேன்.

சார் திட்டவில்லை. ரிப்போர்ட் எழுதும்போது ஒன்று மட்டும் சொன்னார். "பார்க்க முடியலைன்னா 'பார்க்க முடியவில்லை'ன்னு எழுது. அது தப்பில்ல. பார்க்காத இடத்துல டிக் போடுறதுதான் தப்பு." அதுவரை, பார்க்க முடியவில்லை என்று எழுதினால் எனக்கு வேலை தெரியவில்லை என்று நினைப்பார்கள் என்றுதான் பயந்திருந்தேன். பிறகு நான் எழுதிய ரிப்போர்ட்டுகளில் அந்த வரி அடிக்கடி வந்தது: 'ஏணி இல்லாததால் கிரேனின் சக்கரங்கள் உள்ள எண்ட் கேரேஜின் உட்பக்கம் சோதிக்கப்படவில்லை.' 'பூச்சு அகற்றப்படாததால் கொக்கியின் தண்டில் விரிசல் சோதனை செய்யப்படவில்லை.' சில மேனேஜர்களுக்கு இது பிடிக்காது. இப்படி எழுதினால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்பார்கள். ஏணி ஏற்பாடு செய்யுங்கள், மறுபடி வருகிறோம் என்போம். முக்கால்வாசிப் பேர் ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாமானிலும் கண்ணுக்கு மறைந்த இடம் எது என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெல்ட் ஸ்லிங்கில் மேலே போட்டிருக்கும் உறையை நகர்த்தித் தையலைப் பார்க்க வேண்டும். ஊதா ஒரு டன், பச்சை இரண்டு டன், மஞ்சள் மூன்று டன் என்று கலரை வைத்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் எண்ணெய் ஊறிய பெல்ட் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும், லேபிள் இல்லையென்றால் ஒதுக்கி வைக்க வேண்டியதுதான். ஷேக்கிலில் வளைவு அழகாக இருக்கும், பின் மட்டும் ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதா போல்ட்டாக இருக்கும். ஏர் ரிசீவரில் தண்ணீர் தங்கும் அடிவயிறு. அங்கே அல்ட்ராசோனிக் கேஜ் வைத்துத் தகட்டின் கனம் அளக்கும்போது ஒருமுறை பெயின்டைச் சுரண்டாமலே வைத்துவிட்டு, தகடு கனமாகத்தான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பெயின்டையும் சேர்த்து அளந்திருக்கிறேன்.

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். ராணிப்பேட்டையில் ஒரு 16 மில்லிமீட்டர் ரோப்பை வெர்னியரில் அளந்தேன், 14.7 காட்டியது. பத்து சதவீதம் தேய்ந்தால் கழித்துவிடு என்று படித்திருந்ததால், கிட்டத்தட்ட அந்த எல்லைக்கு வந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மெயின்டனன்ஸ் ஆட்களிடமே பெரிய மனுஷி போலச் சொல்லிவிட்டேன். சார் வந்து வெர்னியரைக் கொஞ்சம் திருப்பி வைத்தார், 15.9. ஆறு ஸ்ட்ராண்ட், அதாவது ஆறு புரி உள்ள ரோப்பை வெட்டிப் பார்த்தால் பூ மாதிரி இருக்கும். எதிரெதிர் இதழ்களின் நுனியோடு நுனி அளக்க வேண்டும். நான் இதழ்களுக்கு நடுவே உள்ள தட்டையான பக்கத்தை அளந்துவிட்டேன். அப்படி வைத்தால் புது ரோப்பே ஒன்பது சதவீதம் தேய்ந்ததாகக் காட்டும். மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். நல்லதைக் கெட்டது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அடுத்த முறை நிஜமாகவே கெட்டதைக் காட்டினாலும் "இந்தப் பொண்ணு அப்படித்தான் சொல்லும்" என்பார்கள். இப்போதும் ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளக்காமல் வாயைத் திறப்பதில்லை.

ஸ்லிங் கோணத்தைச் சொல்லித்தந்தது சார் இல்லை. எடை தூக்கிப் பார்க்கும் லோடு டெஸ்ட்டுக்கு எங்களோடு வந்து சரக்கைக் கட்டிக் கொடுக்கும் வடசென்னைக் கலாசி அண்ணன். "இன்னாம்மா, ஆங்கிள் ஆங்கிள்னு பொஸ்தகத்துல படிச்சிருப்ப. இந்தப் பக்கெட்டைப் புடி" என்றார். தண்ணீர் நிரம்பிய பக்கெட்டின் பிடியில் கயிறு கட்டி, ஆளுக்கொரு முனை. ஒட்டி நின்றபோது ஒன்றுமில்லை. "தள்ளிப் போ. இன்னும் தள்ளிப் போ." நாலடி தள்ளியதும் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பக்கெட் அதே பக்கெட், தண்ணீர் அதே தண்ணீர். ஒரு டன் சரக்கை இரண்டு கால் ஸ்லிங்கில் நேராகத் தூக்கினால் காலுக்கு அரை டன். கால்களுக்கு நடுவே 120 டிகிரி விரிந்துவிட்டால் ஒவ்வொரு காலும் ஒரு டன் இழுவையைத் தாங்க வேண்டும். சூத்திரம் பரீட்சையோடு மறந்துவிட்டது. தோள் மறக்கவில்லை.

பெண் என்பதால் வந்த தொல்லைகள் நிறைய. பாதி தொழிற்சாலைகளில் ஷாப் பக்கம் பெண்களுக்குக் கழிவறை இல்லை என்பதுதான் அதில் பெரிது. காலையில் தண்ணீர் குடிக்காமல் போகும் பழக்கத்தைக் கைவிட எனக்கு இரண்டு வருடம் ஆனது. போகும் இடத்துக்கு முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். சுவாரசியமான தொல்லை ஒன்றும் உண்டு. ஒரு மேனேஜர் என்னைக் கிரேன் மேல் ஏற விடவில்லை. "22-ஆம் செக்ஷன் படி லேடீஸ் மெஷின் பக்கம் வரக்கூடாது" என்றார். அவர் சொன்ன பிரிவு இருந்தது உண்மைதான். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திர பாகத்தைப் பெண்கள் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ கூடாது என்றது அது. சார் நிதானமாக, "கிரேன் ஓடிட்டு இருக்கும்போது நானும் ஏற மாட்டேன் சார். ஆஃப் பண்ணிப் பூட்டின பிறகு இந்தப் பொண்ணு ஏறலாம்" என்றார். சட்டத்தின் ஒரு பிரிவை யாராவது பாதியில் நிறுத்திச் சொன்னால் மீதியையும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் பிரிவுகளை உருப்போடத் தொடங்கினேன்.

அந்தப் பூட்டு. கிரேனின் மெயின் ஸ்விட்சில் போட என்று ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு உண்டு. மேலே ஏறுகிறவர் தானே பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, சாரிடம்கூட. ஒரு நாள் திருமுடிவாக்கத்தில் வேலை முடிந்து, வழக்கம் போல அடித்துப் பிடித்து ரயிலேறி அரக்கோணம் போய்ச் சேர்ந்தபோது போன் வந்தது. பூட்டு அங்கே, சாவி என் பையில். நைட் ஷிப்டுக்குக் கிரேன் இல்லை. சார் அங்கேயே நின்று, நான் ஊரில் இருக்கிறேன், யாரும் மேலே இல்லை என்று ஊர்ஜிதப்படுத்தி, எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பூட்டை அறுக்க விட்டார். மறுநாள் நடுங்கிக்கொண்டே போனேன். "சாவியைப் பூட்டுலயே வச்சுட்டு மேல ஏறினவனை எல்லாம் நான் பார்த்திருக்கேன்" என்றார். புதுப் பூட்டுக்கு என்னிடம் காசு வாங்கிக்கொண்டார்.

2015 டிசம்பர் வெள்ளம். முதல் வாரத்தில் ஆபீஸே ஓடவில்லை. தண்ணீர் வடிந்ததும் எங்கே பார்த்தாலும் ஊறிப்போன மோட்டார்களும் சேறு படிந்த ஹாய்ஸ்ட்டுகளும். ஈக்காட்டுத்தாங்கலில், அடையாற்றங்கரையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சின்னப் பட்டறை. முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தோளுக்கு மேலே. இரண்டு டன் ஹாய்ஸ்ட் ஒன்று இறக்கி வைத்திருந்த நிலையில் முழுவதும் மூழ்கியிருக்கிறது. நாங்கள் போனபோது அது குளித்துப் பொட்டு வைத்த பிள்ளை மாதிரி இருந்தது. கழுவி, ரோப் முழுக்கப் புது கிரீஸ் பூசியிருந்தார்கள்.

"இதை என்ன பண்ணுவே?" என்று சார் என்னைப் பார்த்தார். முதலில் கிரீஸைத் துடைத்தேன், டீசல் தொட்டுத் தொட்டு. வெளிக்கம்பிகள் நன்றாகவே இருந்தன, விட்டமும் சரி. வேஸ்ட் எங்கும் மாட்டவில்லை. அப்புறம் எனக்கே தோன்றியது: இந்த ரோப்பின் நடுவில் இருப்பது நார்த்திரி. எண்ணெய் குடித்துக் கம்பிகளுக்கு உள்ளிருந்து கசிய விட வேண்டிய திரி இப்போது சேற்றுத் தண்ணீர் குடித்திருக்கும். பாரமில்லாத இடமாகப் பார்த்து, மார்லின் ஸ்பைக் என்ற கூர்முனைக் கம்பியை ஸ்ட்ராண்டுகளுக்கு நடுவே நுழைத்து மெல்லத் திருகினோம். ரோப் வாய் திறந்ததும் செம்மண் போலத் துருப்பொடி உள்ளங்கையில் கொட்டியது. கியர் பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால் பால் டீ நிறம்.

முதலாளி கெஞ்சினார் என்று எழுதினால் அவருக்கு மரியாதை இல்லை. அவர் கணக்குச் சொன்னார். லேத் போச்சு, ஸ்டாக் போச்சு, ஆர்டர் ஒன்று மட்டும் கையில் இருக்கிறது, ஒரு மாதம் இந்த ஹாய்ஸ்ட் ஓடினால் சம்பளம் கொடுத்துவிடுவேன். எனக்குத் தொண்டை அடைத்தது. சும்மா நின்றேன். சார் டீ வாங்கி வரச் சொல்லி அவரோடு உட்கார்ந்தார். பாரிமுனையில் தெரிந்த ரோப் கடைக்கு அங்கிருந்தே போன் செய்து விலை கேட்டார். ரோப் மாற்ற வேண்டும், எண்ணெய் மாற்ற வேண்டும், பிரேக் லைனிங்கைப் பிரித்துக் காய வைத்துப் பார்க்க வேண்டும், மோட்டாரை உலர்த்தி, இன்சுலேஷன் அளக்கும் மெக்கர் போட்டுக் காட்ட வேண்டும் என்று நான்கு வரி எழுதினார். மேலே 'பயன்படுத்தக் கூடாது' என்ற வரி அப்படியே இருந்தது. ஆனால் என்ன செய்தால் பயன்படுத்தலாம் என்பது அதே தாளில் இருந்தது. பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, மறுசோதனைக்கு நாங்கள் இருவரும் போனோம்.

கூடாது என்று எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருந்ததற்குக் காரணம், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் போலிருக்கிறது. அடுத்து என்ன என்று எழுதத் தொடங்கிய பிறகு சண்டைகள் குறைந்தன. நின்றுவிட்டன என்று சொல்ல மாட்டேன். கொக்கி மேலே போய் முட்டாமல் நிறுத்தும் மேல் லிமிட் ஸ்விட்சைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்து, அதனால் அரை அடி உயரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பெருமைப்பட்ட ஒரு சூப்பர்வைசரோடு நடந்தது சண்டைதான். அந்தக் கட்டை நான் அவிழ்க்கவில்லை, அவரை அவிழ்க்க வைத்தேன். லிமிட் ஸ்விட்ச் சோதனையை எப்போதும் காலிக் கொக்கியோடு, இன்ச் இன்ச்சாக ஏற்றிச் செய்யுங்கள். சரக்கோடு செய்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

லோடு டெஸ்ட் பற்றி ஒன்று. ஐந்து டன் கிரேனுக்கு 125 சதவீதம் என்றால் 6.25 டன். அவ்வளவு எடையைப் பட்டறையில் எங்கே தேடுவது? "இந்த இரும்பு பில்லட் எல்லாம் சேர்த்தா வரும் சார்" என்பார்கள். சார் லாரியில் ஏற்றி எடை மேடைக்கு அனுப்பி, சீட்டு வந்தால்தான் தொடங்குவார். ஆறு டன் என்று சொன்னது ஒரு இடத்தில் நாலு டன்னுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. நான்கு டன்னைத் தூக்கிவிட்டு ஆறேகால் தூக்கியதாக எழுதியிருப்போம்.

அப்ரண்டிஸ் வருடம் முடிந்து அந்த நிறுவனம் என்னை எடுத்துக்கொள்ளவில்லை, வேறொன்று எடுத்துக்கொண்டது. அப்போது கைகொடுத்தது வாரியத்தின் சான்றிதழைவிட என் டைரிதான். ஒவ்வொரு நாளும் எந்தச் சாமான், எத்தனை டன், எங்கே என்ன பார்த்தேன், என்ன தப்பு செய்தேன் என்று எழுதி, வாரக் கடைசியில் சாரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். இன்டர்வியூவில் அதைப் புரட்டிக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினார்கள். பிறகு விரிசலையும் உள்பழுதையும் கண்டுபிடிக்கும் டை பெனட்ரன்ட், மேக்னடிக் பார்ட்டிகிள், அல்ட்ராசோனிக் சோதனைகள் மூன்றிலும் லெவல் டூ தேர்ச்சி முடித்தேன். கையெழுத்துப் போடும் காம்பிடன்ட் பர்சன் ஆக டிப்ளமோ போதாது, டிகிரியும் பல ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். அதற்காகப் பகுதி நேர பி.இ. சேர்ந்தேன். வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் டிப்ளமோ முடித்த கையோடு நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்துவிடுவது நல்லது. மாலைக் கல்லூரியும் பகல் கிரேனும் சேர்ந்தால் உடம்பு தாங்குவது கஷ்டம், இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

இப்போது என் பையில் வெர்னியர், டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, கம்பி பிரஷ், சாக்பீஸ், பனியன் வேஸ்ட், மார்லின் ஸ்பைக், டைரி எல்லாம் இருக்கின்றன. சிவப்புப் பூட்டும் இருக்கிறது. அதன் சாவியை மட்டும் பையில் போடுவதில்லை. கழுத்தில் கயிறு கட்டி மாட்டியிருக்கிறேன். பட்டரவாக்கம் ஸ்டேஷன் படியேறும்போது கை தானாகப் போய்த் தொட்டுப் பார்க்கும். அது அங்கே இருந்தால், பூட்டை எடுத்தேனா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் அரக்கோணம் வண்டியைப் பார்ப்பேன்.